மறுப்புச் சொல்ல ஒரு கதிரை

எங்கள் உணவுக் கூட்டமைப்பின் யாப்பை எழுதியது நான்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டாலும் ஐந்தாவது வரிக்குள் எப்படியாவது சொல்லிவிடுவேன். கிளிநொச்சியில் என்னைத் தெரிந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், "அவாவோட என்ன கதைச்சாலும் கடைசியில யாப்பிலதான் வந்து நிப்பா" என்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் தொலைபேசி எடுத்தால், என் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால், "அம்மா, யாப்பு சுகமா இருக்கோ?" என்றுதான் கேட்பாள். கேட்கட்டும். பன்னிரண்டு பக்கம், இருபத்திரண்டு விதி, அத்தனையும் என் கையெழுத்து. கணினியில் ஏற்றியது பிறகு நடந்த வேலை.

யாப்பு என்பது ஒரு சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் விதிகள். அதில் பெருமைப்பட என்ன கிடக்கிறது என்று கேட்பவர்கள் கூட்டங்களைக் காணாதவர்கள். நான் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கமொன்றில் கூட்டறிக்கை எழுதியவள். இடம்பெயர்ந்த காலத்தில் மரத்துக்குக் கீழே நடந்த கூட்டத்துக்கும் எழுதியிருக்கிறேன். ஒரு கூட்டத்தை எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது. பிந்தி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பவர், மண்டபத்துக்குள் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் அதைக் கவிழ்ப்பவர், என்ன முன்மொழியப்பட்டது என்றே தெரியாமல் வழிமொழிபவர் எல்லாரும் என் கொப்பிகளில் இருக்கிறார்கள். ஒரு தலைவர் இருந்தார். பதினான்கு வருடம் ஒரே கதிரை. அவரை வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மாதம், அவர் தோளில் போடும் துவாயைக் கதிரையில் விரித்துவிட்டுக் கூட்டம் நடத்தினோம். எல்லாரும் துவாயைப் பார்த்துத்தான் கதைத்தார்கள். அதை எடுத்து மடியுங்கள் என்று சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

கூட்டமைப்பு தொடங்கியது டீசலும் உரமும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில். நெல் வைத்திருந்தவரிடம் அதை ஏற்றிப்போக வாகனம் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் மீனைப் பிடித்தவரிடம் ஐஸ் இல்லை. பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கும் பெண்கள் சோற்றுக்குச் சம்பலை மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதார்கள். இவர்கள் எல்லாரும் ஒருநாள் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் கூடி, ஆளுக்கு ஆள் என்ன கொடுக்கலாம் என்று கதைத்ததுதான் தொடக்கம். பிறகு டீசல் வந்தது, உரம் வந்தது. ஆனாலும் கூடிக் கதைப்பதை விட ஒருவருக்கும் மனமில்லை. உதவி செய்ய முன்வந்த நிறுவனம் ஒன்று, "உங்களுக்கு ஒரு யாப்பு இருக்க வேணும்" என்றது. ஓய்வுபெற்று வீட்டில் கோழிகளை அதட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு கிழமை இருந்து எழுதினேன். ஆறு கதிரை என்று வைத்தேன். நெல் செய்பவர்களுக்கு ஒன்று, கடல் தொழில் செய்பவர்களுக்கு ஒன்று, வீட்டுத்தோட்டப் பெண்களுக்கு ஒன்று, சந்தை வியாபாரிகளுக்கு ஒன்று, சத்துணவு சமைப்பவர்களுக்கு ஒன்று, விவசாயத்தைப் பார்க்கும் அரசாங்கக் கமத்தொழில் அலுவலருக்கு ஒன்று. நூறு பேர் சேர்ந்த பகுதிக்கும் ஒரு கதிரைதான், பத்துப் பேர் சேர்ந்த பகுதிக்கும் ஒரு கதிரைதான். தீர்மானம் எடுப்பதென்றால் கதிரை கதிரையாகக் கேட்க வேண்டும், ஒவ்வொருவரும் "சம்மதம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிற்கும். ஆனால் மறுத்தவர் காரணத்தைச் சொல்லி, அடுத்த கூட்டத்துக்குள் மாற்று வழியொன்றைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் மறுப்பு செல்லாது. அலுவலருக்கு மறுக்கும் உரிமை இல்லை. அவர் ஆலோசனை சொல்லலாம். இன்றைக்கு இங்கே இருப்பார், நாளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார். மற்ற எல்லாருக்கும் சுவரோரத்தில் நீட்டு மர வாங்கு. வாங்கில் இருந்தபடி கையை உயர்த்திக் கதைக்கலாம், தீர்மானத்தில் கலந்துகொள்ள முடியாது. உதவி தரும் நிறுவனத்துக்கும் வாங்குதான்.

வவுனியாவிலிருந்து அந்த நிறுவனத்தின் பெரியவர் முதல்தரம் வந்த அன்று, நேரே வந்து நடுக்கதிரையில் அமர்ந்தார். நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு, "ஐயா, அது கடலின்ர கதிரை. நீங்கள் வாங்கில இருங்கோ" என்றேன். மனிதர் நல்லவர், சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் வாங்கில் இருந்தார். அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி கூடக் குடித்தேன். துவாய்க்குச் சொல்ல முடியாமல் போனதை ஒரு மனிதருக்குச் சொல்லிவிட்ட சந்தோஷம்.

துவாயை மனதில் வைத்து இன்னொரு விதியும் எழுதினேன். அது பதினேழாம் விதி. தலைவரோ செயலாளரோ இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது, நீடிப்பதென்றால் மறுக்கும் உரிமையுள்ள கதிரை எல்லாம் சம்மதிக்க வேண்டும். முதல் செயலாளராக என்னைத்தான் தெரிவுசெய்தார்கள். அந்த விதி ஒருநாள் என்னைத் தேடி வரும் என்று எழுதும்போது நான் நினைக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் விதி எழுதுகிறவர்கள் தங்களை அதற்குள் வைத்து எண்ணுவதில்லை போலும்.

இரண்டாம் விதியில்தான் பிழை விட்டேன். பயிர் செய்கிறவர் உறுப்பினராகச் சேருவதென்றால், அந்தக் காணிக்குத் தன் பெயரில் உறுதிப் பத்திரமோ அரசாங்க அனுமதிப்பத்திரமோ காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். பழைய சங்கப் படிவமொன்றில் இருந்ததை யோசிக்காமல் அப்படியே எடுத்து எழுதியது. காணிக் கதை என்றால் பத்திரத்தை எடு என்று கேட்டே பழகிய கை.

ஒரு கிழமை, பாடசாலைக்குப் போன கீரையில் பூச்சிமருந்து மணந்தது. சமைக்கும் பெண்களின் கதிரையில் இருந்தவர் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிவிடும் ஆள். கீரை முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வந்து, "பிள்ளைகள் தின்னிற சாப்பாடு. ஆர் தந்த கீரையெண்டு தெரியாமல் இனி நான் சட்டியை அடுப்பில வைக்க மாட்டன்" என்றார். சரியான கோபம். எல்லாருமாகக் கதைத்து, இனிமேல் உறுப்பினர்களின் காணியிலிருந்து வரும் கீரையை மட்டும் எடுப்பது என்று தீர்மானித்தோம். அப்போதுதானே பிழை வந்தால் ஆளைப் பிடிக்கலாம். ஐந்து கதிரையும் சம்மதம் சொன்னது. அழகாகக் கூட்டறிக்கை எழுதினேன். நல்ல தீர்மானம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆடி மாதக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்து வாங்கில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவளுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். இவள் இங்கேயே பிறந்தவள். காலையில் வயலில் கூலிவேலை. பின்னேரத்தில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் வளவைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பசளியும் போடுவாள். அவளைப் போல இன்னும் பதினொரு குடும்பம் அந்தப் பக்கத்தில். பாடசாலைகளுக்குப் போன கீரையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினேன், அவர்களைப் பற்றி நினைக்காமல்.

கையை உயர்த்தினாள். "சொல்லுங்கோ" என்றேன்.

"எங்க கீரைய நிப்பாட்டிட்டீங்க. மருந்து மணந்த கீரை எங்களோடது இல்ல, மருந்து வாங்க எங்ககிட்ட காசும் இல்ல. அது கெடக்கட்டும். நிப்பாட்டுறதுக்கு முந்தி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ல? கேக்கணும்னா எங்களுக்கு இங்க ஒரு கதிரை வேணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் கீரையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தால், நாங்கள் இரக்கப்பட்டுத் திரும்ப எடுத்திருப்போம். அவள் இரக்கம் கேட்கவில்லை. பன்னிரண்டு குடும்பத்தின் சாப்பாடு அன்று அந்த மண்டபத்தில் கிடந்தது, ஆனாலும் அவள் கதிரையைத்தான் கேட்டாள். யாப்பைப் புரட்டி இரண்டாம் விதியை வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆனாலும் புதுக் கதிரை ஒன்று போட வேண்டுமென்று நானே முன்வைத்து, கதிரை கதிரையாகக் கேட்டேன்.

கடல் சம்மதம் என்றது. வீட்டுத்தோட்டம், சந்தை, சமையல் எல்லாம் சம்மதம். கடைசியாக நெல் கதிரை. அதில் இருந்தவரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்போம். அறுபது தாண்டியவர். என்னுடைய தகப்பனைப் போல அவருடைய தகப்பனும் வடக்கே குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காடு வெட்டியவர். வாக்கு மாறாத மனிதர். அதைப் போலவே வளையவும் மாட்டார்.

"மறுக்கிறன். எழுதுங்கோ தங்கச்சி" என்றார்.

"காரணம் சொல்ல வேணும், அண்ணை."

"காணி இல்லாதவை கமக்காரர் இல்லை. இண்டைக்குப் பத்திரம் இல்லாத ஆளைக் கதிரையில விட்டால், நாளைக்குப் பத்திரம் வைச்சிருக்கிறவனுக்கு என்ன மரியாதை?" வாங்கின் பக்கம் திரும்பி, "நீ கோவிக்காதை. நான் ஞாயத்தைத்தான் கதைக்கிறன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பேனை கொப்பியைக் கிழித்தது. அவள் கோபப்படவில்லை. மறுபடி கையை உயர்த்தினாள்.

"ஐயா, இந்தச் சிறுபோகத்துக்கு நீங்க வெதச்ச வயலு யாரோடது?"

அதை விளங்கிக்கொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் தெரிய வேண்டும். மழைக்காலத்துப் போகத்தில் எல்லாரும் எல்லா வயலையும் விதைப்பார்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே விதைப்புக்கு முன் கூட்டம் வைத்து, இந்த முறை எந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் விடுவது என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் போகும் பக்கத்து வயல்களை, தண்ணீர் போகாத பக்கத்துக்காரருக்கும் துண்டு துண்டாகப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் தன் வயலில் ஒரு துண்டைத்தான் செய்வார், மற்றத் துண்டை வேறொருவர் செய்வார். அறுவடை முடிய வயல் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். கூட்டத்தில் வாசித்த பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தவிர ஒரு பத்திரமும் இல்லை. அந்த வருடம் தண்ணீர் போகாத பக்கம் அண்ணையின் பக்கம்.

"அது பங்கு" என்றார் அண்ணை.

"பங்குதான் ஐயா. நான்தானே அதுல புல்லுப் புடுங்குனேன். காணிக்காரரு வரம்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. இவரு கமக்காரர் இல்லன்னு அவரு ஒரு நாளும் சொல்லலையே."

கடல் கதிரையில் இருந்த தம்பி மெல்லச் சிரித்து, "அண்ணை, கடலுக்கு என்னட்டயும் உறுதி இல்லை. நானும் எழும்பட்டோ?" என்றான். மண்டபமே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. "மறுப்பு மறுப்புத்தான். அடுத்த கூட்டத்தில கதைப்பம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். என்னுடைய காணிப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தேன். அப்பாவின் பெயரில் இருந்து அண்ணனின் பெயருக்கு மாறிய பத்திரம். அண்ணன் கனடாவுக்குப் போய் இருபது வருடம். அந்த வளவில் கத்தரியும் வெண்டியும் போடுகிற என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. நான் எழுதிய யாப்பின்படி நான் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினராகவே சேர முடியாது. செயலாளருக்குப் பத்திரம் கேட்கும் விதி இல்லாததால் தப்பியிருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் இருந்த ஒரே வித்தியாசம், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான். அன்று எனக்கு என்மேல் வந்த எரிச்சலை எந்தக் கூட்டறிக்கையிலும் எழுத முடியாது.

அந்த மாதம் முழுக்க அண்ணையோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வாய்க்கால் வீதியில் அவருடைய சைக்கிளைக் கண்டால் நான் கோழிகளைப் பார்ப்பேன். ஒருநாள் அவரே என் வேலிப் படலையடியில் நிறுத்தினார்.

"தங்கச்சி, கோபம் போலக் கிடக்கு."

"இருக்காதே பின்னை? அவளைப் பாத்து அப்பிடிச் சொல்ல உங்களுக்கு மனம் வந்துதே?"

அவர் சைக்கிளில் சாய்ந்தபடி சொன்னார். "நான் அண்டைக்கே ஓமெண்டிருக்கலாம். அவள் கேட்ட கேள்வியோட எனக்கு ஞாயம் விளங்கிப் போச்சு. ஆனால் நான் தனி ஆளில்லை. நெல்லுக்காரர் அவ்வளவு பேரின்ர வாயையும் வைச்சுக்கொண்டு அந்தக் கதிரையில இருக்கிறன். அவையைக் கேக்காமல் நான் ஓமெண்டால், அது என்ர சம்மதம், நெல்லின்ர சம்மதம் இல்லை. இப்ப வீடு வீடாய்ப் போய்க் கதைக்கிறன். பாதிப் பேர் ஏசுகினம். ஏசட்டும்." போகத் திரும்பியவர், "உங்கட பேரிலயும் காணி இல்லையாமே?" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதிரை என்றால் என்னவென்று யாப்பு எழுதிய எனக்கு அன்றுதான் சரியாக விளங்கியது. எழுதத் தெரிவது வேறு, அந்தக் கதிரையில் இருக்கத் தெரிவது வேறு. அண்ணைக்கு இருக்கத் தெரிந்திருந்தது.

ஆவணிக் கூட்டத்துக்கு வாங்கு நிறைந்து, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அண்ணை எழும்பி மாற்று வழியைச் சொன்னார். கையில் ஒரு துண்டும் இல்லை, எல்லாம் மனதிலிருந்து. "பயிர் செய்யிறவைக்கெண்டு ஒரு கதிரை. பத்திரம் கேக்கிற விதியை எடுத்துப்போடுங்கோ. அதுக்குப் பதிலா, வேலிக்கு இந்தப் பக்கம் ஒராள், அந்தப் பக்கம் ஒராள், 'ஓம், இவ இதில பயிர் செய்யிறா' எண்டு கூட்டத்தில வந்து வாயால சொல்லவேணும். சிறுபோகப் பங்கையும் நாங்கள் அப்பிடித்தானே நம்பிறம். பிறகு, எந்தக் கதிரையில இருக்கிறவையும் எந்த நேரமும் ஆரின்ர தோட்டத்துக்கையும் போய்ப் பாக்கலாம். பத்திரம் இருக்கிற தோட்டமும் பாக்கலாம், இல்லாத தோட்டமும் பாக்கலாம். மருந்து மணந்தால் அந்த இடத்திலயே கேக்கலாம்."

பத்திரம் கீரையை மணந்து பார்க்காது என்பது எங்கள் ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லை, பாருங்கள். சமையல் கதிரை உடனே, "நாளைக்கு விடியவே நான் போறன்" என்றது.

அன்று அவளுக்காகச் சாட்சி சொல்ல வேலிக்கு இருபுறத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சம்மதம் சுற்றி வந்தது. நெல்லும் சம்மதம் என்றது. அண்ணை தானே போய் அடுக்கியிருந்த நீலக் கதிரைகளில் ஒன்றை உருவி, தூசி தட்டி, தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் வாங்கிலிருந்து எழும்பி, கதிரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இருங்கோ தங்கச்சி. இனி இது உங்கட கதிரை" என்றார் அண்ணை.

வயலில் வருடக்கணக்காக நீ என்று கூப்பிட்டவர், அன்று நீங்கள் என்றார். கூட்டறிக்கையில் அதையெல்லாம் எழுதுவதில்லை. நான் எழுதினேன். என் முப்பது வருட எழுத்தில் அதைவிட நல்ல வரி இல்லை.

அடுத்த கிழமையிலிருந்து கீரை திரும்பப் பாடசாலைகளுக்குப் போனது. சமையல் கதிரை சொன்னபடியே விடியற்காலையிலேயே தோட்டம் தோட்டமாகப் போனார். மருந்து மணந்த இடத்தையும் கண்டுபிடித்தார். உறுதி, அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்த ஒரு வளவு அது. அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார், நாங்களும் கூரையைப் பார்த்தோம்.

புதுக் கதிரைக்காரி அதிகம் கதைக்க மாட்டாள். முதல் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, யாப்புல ஒரு பிரதி தாங்க" என்று கேட்டாள். அதுவரையில் ஒருவரும் கேட்டதில்லை. கதிரைக்காரர் எல்லாருக்கும் கொடுத்த பிரதிகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். ஒன்று சந்தையில் வெற்றிலை சுற்றப் போனது. அவளுக்குப் புதிதாக ஒன்று எடுத்து, மேலே மட்டை போட்டு, தைத்துக் கொடுத்தேன். சந்தோஷத்தில் மிதந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் கழித்து ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. என்னுடைய இரண்டாம் தவணை முடியும் கூட்டம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு விட மனமில்லை. அந்தக் கொப்பி, அந்த மேசை, "செயலாளர் அவாவைக் கேளுங்கோ" என்ற சொல், எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. நான் போனால் யார் செய்வார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் கேட்கும்படி நானும் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரிந்தேன். அண்ணை முன்மொழிவது, கடல்தம்பி வழிமொழிவது என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. அன்று பயத்தம் பணியாரம் சுட்டு வாளி நிறையக் கொண்டுபோனேன். தேர்தலுக்குப் பணியாரமா என்று நீங்கள் கேட்கலாம். ஓம், அதற்குத்தான்.

கதிரை கதிரையாகக் கேட்டேன். நெல் சம்மதம். கடல் சம்மதம். வீட்டுத்தோட்டம், சந்தை, சமையல், சம்மதம், சம்மதம், சம்மதம். பேனை ஏற்கெனவே அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"பயிர் செய்கை?" என்று தலை நிமிராமலே கேட்டேன்.

"மறுக்கிறேன், அக்கா."

நிமிர்ந்தேன். அவள் மடியில் அந்தப் பிரதி இருந்தது. ஓரமெல்லாம் மண் விரல் பட்டு, பக்கங்கள் உப்பிப்போயிருந்தன. என் முகம் கொதித்தது. நான் வாங்கிக் கொடுத்த கதிரை என்று ஒரு எண்ணம் உள்ளே ஓடியதை மறைக்க விரும்பவில்லை. ஓடியது.

"காரணம் சொல்ல வேணும்" என்றேன். அந்த விதியும் நான் எழுதியதுதான்.

அவள் பிரதியைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க நல்லாச் செய்யுறீங்க அக்கா. அதுதான் காரணம். நீங்க இருக்கிற வரைக்கும் யாரும் இதத் தொறந்து பாக்க மாட்டாங்க. எதக் கேட்டாலும் அக்காவக் கேளுன்னுதான் சொல்றாங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எனக்குக் கதிரை இருக்குன்னு யாரு சொல்லுவா? நான் ஒரு வருசமா வாசிச்சேன். மத்தவங்களும் வாசிக்கணும்."

பிறகு, அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காமலே, "மாத்து வழியும் கொண்டாந்திருக்கேன்" என்றாள். சமையல் கதிரையில் இருப்பவரைச் செயலாளராக்குவது, நான் ஒரு வருடம் வாங்கில் இருந்து கேட்டதற்கு மட்டும் விளக்கம் சொல்வது. பதினேழாம் விதியைப் பிரதியில் விரல் வைத்து வாசித்தும் காட்டினாள். ஒரு சொல் பிழையில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணை நிலத்தைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில், அந்தப் பழைய சங்கத்து மண்டபமும் கதிரையில் விரித்திருந்த துவாயும் நினைவுக்கு வந்தன. பதினான்கு வருடம் அந்த மனிதரை எழும்பச் சொல்லவோ, பிறகு அந்தத் துவாயை எடுக்கவோ அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் துணிவில்லை, படித்த எனக்கும் இல்லை. இங்கே, போன வருடம் கதிரையே இல்லாதிருந்தவள், நான் எழுதிய விதியை எனக்கே வாசித்துக்காட்டி, என் முகத்துக்கு நேரே என்னை எழும்பச் சொல்கிறாள். கூட்டறிக்கைக் கொப்பியில் "மறுப்பு: ஒன்று" என்று எழுதினேன். பிறகு அந்த மாற்று வழிக்குச் சம்மதம் கேட்டேன். எல்லாக் கதிரையும் தந்தது. கொப்பியையும் பேனையையும் சமையல் கதிரைக்காரியிடம் கொடுத்துவிட்டு, நடந்துபோய் வாங்கில் இருந்தேன். பணியாரத்தை அங்கிருந்தே பகிர்ந்தேன்.

புதுச் செயலாளர் முதல் வேலையாக, முன்மொழிந்தவர் பெயரைப் பிழையான இடத்தில் எழுதினார். நான், "அது அங்கை இல்லை" என்று தொடங்கினேன்.

"அக்கா, கையை உயர்த்திப்போட்டுக் கதையுங்கோ" என்றார் அவர்.

உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து வெறும் வாளியை வைக்கவும் மகளின் அழைப்பு வந்தது.

"அம்மா, யாப்பு சுகமா இருக்கோ?"

"நல்ல சுகம் பிள்ளை" என்றேன். "இண்டைக்கு என்னை வெளியில விட்டிட்டுது."

நடந்ததைச் சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "ஏனம்மா அழுறீங்கள்? உங்களை அவமானப்படுத்திப்போட்டினமோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி" என்றேன். "பெருமையில கதைக்க ஏலாமல் கிடக்கு."